ஜெர்மன் விசிறியின் சிவப்புக் கம்பி

காரைக்குடிப் பழம்பொருள் கடையில் வாங்கிய 1950களின் ஜெர்மன் மேசை விசிறியை நேற்று திறந்தேன். கறுப்பு, சாம்பல், சிவப்பு என மூன்று கம்பிகள். நம் பழக்கத்தில் சிவப்புதானே மின்சாரம் வரும் கம்பி? அன்றைய ஜெர்மனியில் அதுதான் எர்த், அதாவது உலோக உடலோடு சேரும் பாதுகாப்புக் கம்பி! மின்சாரம் வருவது கறுப்பில், அது திரும்பிப் போகும் நியூட்ரல் சாம்பல். சிவப்பை நம் வழக்கப்படி இணைத்திருந்தால் விசிறியின் இரும்பு உடலிலேயே 230 வோல்ட் ஏறியிருக்கும். நினைத்தாலே உடல் நடுங்குகிறது.

பழைய பிரிட்டிஷ் சாதனங்களில் நம்மைப் போலவே மின்சாரம் சிவப்பில், நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை.

செட்டிநாட்டு வீடுகளில் ஐயா காலத்தில் கப்பலில் வந்த சாமான்கள் இன்னும் பரணில் தூங்குகின்றன. இறக்கினால், தயவுசெய்து பிளக்கில் செருகாதீர்கள். எந்தக் கம்பி உலோக உடலோடு சேர்கிறது என்று முதலில் மல்டிமீட்டரில் (மின் இணைப்பைச் சோதிக்கும் கருவி) பாருங்கள். என் விசிறியில் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.