சான்றிதழ் வாங்க கிரிப்டோ எதற்கு?

தையல் பயிற்சி முடிக்கும் பெண்களுக்குச் சான்றிதழை பிளாக்செயினில், அதாவது பல கணினிகளில் பகிர்ந்து வைத்திருக்கும் மாற்ற முடியாத பதிவேட்டில், பதிவு செய்து தரும் செயலி ஒன்றை எங்கள் குழு உருவாக்கியது. ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது பிளாக்செயினில் தானாக ஓடும் நிரல், எழுதும் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. செயலியை அந்தப் பெண்களின் போனில் பயன்படுத்தச் சொன்னபோதுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது.

பிளாக்செயின் கணக்கை வைத்திருக்கும் வாலட் செயலியைத் திறந்ததும், கணக்கின் சாவியாக 12 ஆங்கிலச் சொற்கள் வரும், பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லும். ஒரு அக்கா அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் அந்தச் சொற்கள் யார் கைக்குப் போனாலும் கணக்கு அவருடையதாகிவிடும். அடுத்தது கேஸ் கட்டணம், அதாவது பிளாக்செயினில் ஒவ்வொரு பதிவுக்கும் கிரிப்டோ நாணயத்தில் கட்ட வேண்டிய தொகை. தன் சான்றிதழை வாங்க முதலில் கிரிப்டோ வாங்கு என்று ஒருவரிடம் சொல்வது அநியாயம்.

2023 மார்ச்சில் எத்தீரியம் என்ற பிளாக்செயினில் நடைமுறைக்கு வந்த ஈஆர்சி-4337 என்ற கணக்கு முறை இரண்டுக்கும் வழி காட்டியது. இதில் கணக்கே ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்பதால், எந்த டிஜிட்டல் கையொப்பம் செல்லும் என்பதை நாமே எழுதலாம். 12 சொற்களை எடுத்துவிட்டு, போன் பூட்டைப் போலவே திறக்கும் பாஸ்கீ என்ற டிஜிட்டல் சாவியை வைத்தோம். கைரேகை வைத்தால் போதும். ஆனால் அப்போது போன் போடும் கையொப்பமும் எத்தீரியத்தின் வழக்கமான கையொப்பமும் வேறு வேறு கணித வளைவுகளைச் சேர்ந்தவை. கான்ட்ராக்டுக்குள் அதைச் சரிபார்க்க கேஸ் நிறையச் செலவாகும். அதனால் அந்தச் சரிபார்ப்பு உள்ளேயே அமைந்த ஒரு லேயர்-2 வலையமைப்புக்கு, அதாவது எத்தீரியத்தின் மேல் இயங்கும் துணை வலையமைப்புக்கு, மாறினோம்.

கேஸ் கட்டணத்தை, பயனருக்குப் பதிலாகக் கட்டும் பேமாஸ்டர் என்ற கான்ட்ராக்ட் வழியாகப் பயிற்சி மையம் கட்டுகிறது. அதை எல்லோருக்கும் திறந்து விட்டால் யாராவது போலிக் கணக்குகள் தொடங்கிப் பணத்தைக் கரைத்துவிடுவார்கள். பட்டியலில் உள்ளவர்களுக்கு, சான்றிதழ் பெறும் அந்த ஒரு செயலுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தினோம்.

அதிக நாள் இழுத்தது போன் தொலைந்தால் என்ன செய்வது என்பதுதான். மையமும் கணக்கு வைத்திருப்பவர் நம்பும் உறவினர் ஒருவரும் சேர்ந்து ஒப்புக்கொண்டால் புதுப் போனுக்கு மாற்றலாம். ஆனால் உடனே மாறாது. நடுவில் இரண்டு நாள் காத்திருப்பு உண்டு, அதற்குள் உரியவர் ரத்து செய்யலாம். கேஸை மறைக்கலாம், இதை மறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தன் கணக்கை யார் மீட்க முடியும் என்பது முதல் நாளே அவருக்குத் தெரிய வேண்டும்.

கையொப்பத் திரையில் இருந்த நீண்ட எண்ணெழுத்துக் குவியலை எடுத்துவிட்டு, “இந்தச் சான்றிதழ் உங்கள் கணக்கில் பதிவாகும். பிறகு அழிக்க முடியாது” என்று தமிழிலேயே போட்டோம்.

ஆண்ட்ராய்டு 9-க்கு முந்தைய போன்களில் பாஸ்கீ ஓடாது. அந்தப் போன் வைத்திருப்பவர்களுக்கு இப்போதைக்கு க்யூஆர் அச்சிட்ட காகிதச் சான்றிதழ் தருகிறோம். போன் மாற்றியதும் கணக்கு தொடங்கிக்கொள்ளலாம்.