இருபது மில்லிகிராம்: நாட்குறிப்பு

2024 மே 28, செவ்வாய்

சீட்டில் அடோர்வாஸ்டாடின் 20 மி.கி., இரவு ஒன்று, எட்டு வாரம் என்று எழுதியிருக்கிறது. மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு அப்பாவுக்கு எப்போது நெஞ்சுவலி வந்தது என்று விசாரித்தார். தலைக்குள் இரத்தம் கட்டியிருப்பதற்காகத் தந்திருக்கிறார்கள் என்று நான் சொன்னதும் சீட்டைத் திரும்ப வாங்கி ஒரு முறை படித்தார். வீட்டில் அம்மாவும் அதையே கேட்டாள். “கொழுப்பே இல்லாத மனுசனுக்கு எதுக்குடி கொழுப்பு மாத்திர?” அப்பாவின் எல்.டி.எல்., அதாவது கெட்ட கொழுப்பு, 92தான். நான் சொன்ன பதில் அம்மாவுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை.

மே 29, புதன்

ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தேன். வலப்பக்கம் மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டிப் பிறை வடிவில் சாம்பல் நிறம் படர்ந்திருக்கிறது. புதிய இரத்தம் வெண்மையாகத் தெரியும், பழையதாக ஆக அது கருக்கும் என்று மருத்துவர் சொன்னார். பிறையின் தடிமன் 11 மி.மீ., மூளையின் நடுக்கோடு இடப்பக்கம் 3 மி.மீ. நகர்ந்திருக்கிறது.

பேருந்திலிருந்து இறங்கும்போது கம்பியில் இடித்துக்கொண்டதை அப்பா எங்களிடம் சொல்லவே இல்லை. வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குவதால், அதற்கும் அதை மூடிய உறைக்கும் நடுவே ஓடும் சிரைகள் இழுபட்டு நிற்கும், சிறிய அடிக்கே அவை கசியும் என்கிறார் மருத்துவர். கசிந்த இரத்தத்தைச் சுற்றி உடல் ஒரு மெல்லிய சவ்வைப் போர்த்துகிறது. அந்தச் சவ்வில் புதிதாக முளைக்கும் நுண்குழாய்கள் முதிராதவை என்பதால் அவையும் கசிகின்றன. அந்தக் கசிவு மேலும் அழற்சியைக் கிளப்ப, அழற்சி மேலும் குழாய்களை முளைக்க வைக்கிறது. அடிபட்ட அன்று ஒன்றும் தெரியாமல், வாரங்கள் கழித்துக் கை மரத்துப்போவது இதனால்தான்.

மாத்திரையின் வேலை இந்தச் சவ்வில் நடக்கும் என்பதே எதிர்பார்ப்பு. கொழுப்பைக் குறைப்பதோடு கூடவே அடோர்வாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் மருந்துகள் அழற்சியைத் தணிக்கின்றன, நுண்குழாய்களின் உட்சுவர் முதிர்ந்து இறுகத் துணை செய்கின்றன. கசிவு நின்றுவிட்டால் தேங்கியதை உடல் தானே உறிஞ்சிக்கொள்ளும். இதை அம்மாவிடம் சொல்லும் விதத்தை இன்று கண்டுகொண்டேன்: ஓட்டையை அடைக்கும் மருந்து.

ஜூன் 1, சனி

அப்பா காஜா எடுக்க உட்கார்ந்தார். வலக்கையில் ஊசி நன்றாகவே நிற்கிறது. இடக்கை துணியைப் பிடிக்கிறது, சற்று நேரத்தில் விரல்களுக்கிடையே துணி நழுவுகிறது; நழுவியது அவருக்குத் தெரிவதில்லை. நாற்பது ஆண்டுகள் தையற்கடை நடத்தியவர், ஒரு பொத்தான் துளையின் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். அந்தத் துண்டுத் துணியைத் தேதி எழுதி எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 2, ஞாயிறு

தம்பி சென்னையிலிருந்து அழைத்தான். துளையிட்டு இரத்தத்தை வடித்துவிட்டால் மறுநாளே தெளிந்துவிடுவார்கள், எதற்கு மாத்திரையை நம்பிக் காத்திருக்க வேண்டும் என்கிறான். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. மண்டையோட்டில் சிறு துளையிட்டுக் கழுவி எடுப்பது பழகிய சிகிச்சை. பெரும்பாலோர் அதில் தேறிவிடுகிறார்கள். ஆனால் பத்துப் பேரில் ஓரிருவருக்கு இரத்தம் மீண்டும் சேர்கிறது, அறுபத்தொன்பது வயதில் மயக்க மருந்துக்கும் ஒரு விலை உண்டு. அப்பா தெளிவாகப் பேசுகிறார், நடக்கிறார், தலைவலி மட்டுப்பட்டிருக்கிறது. அழுத்தம் கூடினால் அன்றே அறுவை, இல்லையெனில் மாத்திரையும் கண்காணிப்பும் என்று மருத்துவர் எல்லை வகுத்திருக்கிறார். அந்த எல்லைக்குள் நிற்பது காலங்கடத்துவது ஆகாது என்று தம்பியிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னான்.

ஜூன் 5, புதன்

இதே நோய்க்கு இதே மாத்திரையைக் கொடுத்துச் சீனாவில் நடந்த ஆய்வின் கட்டுரையை இரவு முழுவதும் படித்தேன். 2018இல் வெளிவந்தது. தியான்ஜின் மருத்துவர்கள் தலைமையில் பல மருத்துவமனைகளில் நடத்தியிருக்கிறார்கள். 196 நோயாளிகள், ஒரு பாதிக்கு அடோர்வாஸ்டாடின் 20 மி.கி., மறுபாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரை, எட்டு வாரம். மருந்து பெற்றவர்களுக்கு இரத்தத் தேக்கம் மற்றவர்களைவிட 12.55 மி.லி. கூடுதலாகக் குறைந்திருந்தது. அறுவை தேவைப்பட்டது மருந்துக் குழுவில் 11 பேருக்கு, போலி மாத்திரைக் குழுவில் 23 பேருக்கு.

12.55 மி.லி. அம்மாவின் இருமல் மருந்து மூடியில் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தேன். உள்ளங்கையில் ஊற்றினால் வழிந்துவிடும் அளவு. மண்டையோட்டுக்குள் விரிய இடமே இல்லாததால் அந்த அளவுக்கு அங்கே வேறு பொருள்.

அந்தப் பதினொருவரையும் மறக்க முடியவில்லை. மருந்து பெற்றும் அவர்களுக்கு அறுவை வேண்டியிருந்திருக்கிறது.

ஜூன் 6, வியாழன்

இடக்கை நேற்றைவிட மோசம், அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது.

ஜூன் 8, சனி

ஒரு சிக்கல் கண்ணில் பட்டது. முதலில் பார்த்த மருத்துவமனையில் வலிப்பு வராமல் இருக்க ஃபெனிட்டாயின் எழுதியிருந்தார்கள். அதை இன்னும் கொடுத்துவருகிறோம். மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை ஃபெனிட்டாயின் தூண்டிவிடும். அடோர்வாஸ்டாடினைச் சிதைப்பதும் அதே வகை நொதிதான். ஆக, ஒரு மாத்திரையின் அளவை இன்னொரு மாத்திரை இரத்தத்தில் குறைத்துக்கொண்டிருக்கிறது. வேதியியல் பாடம் நடத்தும் எனக்கு இந்த வரி தூக்கத்தைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது.

காலையில் மருத்துவரிடம் போனில் கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு, ஃபெனிட்டாயினை விடுத்து லெவிடிரசெட்டாமுக்கு மாற்றும் முறையை நிதானமாக எழுதி அனுப்பினார். திடீரென்று எதையும் நிறுத்தக் கூடாது என்பதை இரண்டு முறை சொன்னார்.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. ஆசிரியர் அறையில் எல்லோரும் அப்பாவை விசாரித்தார்கள். தலைக்காயத்துக்குக் கொழுப்பு மாத்திரை தருகிறார்களாமே, என் மாமாவுக்கும் விபத்தில் அடிபட்டிருக்கிறது, அவருக்கும் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது, மருத்துவர் சொல்லாமல் கூடவே கூடாது என்று நான் சொன்ன வேகத்தில் அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் அதை அப்படித்தான் சொல்லியாக வேண்டும்.

டெட்ராய்ட்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே அடிபட்ட எலிகளுக்கு ஸ்டாடின் கொடுத்து, அவை நன்றாகத் தேறுவதைக் கண்டார்கள். அதன் பிறகு ஹூஸ்டனில் இலேசான தலைக்காயம் பட்ட மனிதர்களுக்கு ஏழு நாட்கள் அடோர்வாஸ்டாடின் கொடுத்துப் பார்த்ததில் போலி மாத்திரையைவிடப் பலன் தெரியவில்லை. அது சிறிய ஆய்வு. அடிபட்ட கணத்தில் நரம்பிழை அறுந்துபோவது ஒரு நோய், வாரக்கணக்கில் சவ்வு கசிவது வேறொரு நோய். இரண்டையும் தலைக்காயம் என்ற ஒரே பெயரால் அழைப்பதால் ஒன்றில் கிடைத்த நம்பிக்கை மற்றதற்குப் போய்விடுகிறது. அப்பாவுக்கு இருப்பது இரண்டாவது. என் நம்பிக்கையும் அந்த இரண்டாவதற்கு மட்டும்தான்.

ஜூன் 12, புதன்

அகிரா எண்டோ இறந்த செய்தியைப் படித்தேன். இம்மாதம் 5ஆம் தேதி காலமாகியிருக்கிறார், வயது 90. டோக்கியோவின் சாங்க்யோ நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, 1973இல் அரிசியில் வளரும் ஒரு நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாடினைப் பிரித்தெடுத்தவர். அந்த வழியில் வந்த லோவாஸ்டாடின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சீனக் கட்டுரையை நான் படித்துக்கொண்டிருந்த அதே நாளில் அவர் இறந்திருக்கிறார். அப்பாவிடம் சொன்னேன். அரிசியிலிருந்தா என்று கேட்டு, மாத்திரையைக் கையில் வைத்துச் சிறிது நேரம் பார்த்துவிட்டு விழுங்கினார்.

ஜூன் 15, சனி

அப்பா கத்தினார். சட்னியில் உப்பு கூடிவிட்டது என்பதற்காக அம்மாவை நோக்கித் தட்டைத் தள்ளினார். என் வாழ்நாளில் இதை நான் பார்த்ததில்லை. அம்மா அடுப்படியில் நின்று அழுதாள்.

ஜூன் 16, ஞாயிறு

மூளை அழுத்தமா, லெவிடிரசெட்டாமா, தைக்க முடியாத ஆற்றாமையா? லெவிடிரசெட்டாம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் உண்டாக்கும் என்பது தெரிந்த விஷயம். ஆனால் நடத்தை மாறினால் உடனே சொல்ல வேண்டும் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்ததால் அழைத்தேன். தூக்கக் கலக்கம் உண்டா, வாந்தி உண்டா, நடை தள்ளாடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. இதுவரை வலிப்பே வராததால் அந்த மருந்தைப் படிப்படியாகக் குறைக்கலாம் என்றார்.

மாலையில் அப்பா அம்மாவுக்குப் பூ வாங்கி வந்தார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

அப்பாவுக்குக் கெண்டைக்கால் வலிக்கிறதாம். ஸ்டாடினால் தசை நைந்துபோகும் அரிய விளைவைப் பற்றிப் படித்தவள் என்பதால் எனக்குக் கை நடுங்கியது. சிறுநீர் தேயிலைச் சாற்று நிறத்தில் போகிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். நாளை தசைச் சிதைவைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான சி.பி.கே. பார்க்க வேண்டும்.

ஜூன் 19, புதன்

சி.பி.கே. சரியான அளவில் இருக்கிறது. சந்தைவரை நடந்து போய் வந்தாராம், அதுவும் யாருக்கும் சொல்லாமல்.

ஜூன் 22, சனி

எனக்குள் ஓர் அச்சம் திரும்பத் திரும்ப வருகிறது. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பது பல்லாண்டு வழக்கமாக இருந்தது. வீக்கம் குறையும் என்று நல்லெண்ணத்தோடு கொடுத்தார்கள். பிறகு 10,008 பேரை வைத்துச் சோதித்து, 2004இல் முடிவு வந்தபோது, ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9 சதவீதம். அப்பாவுக்கு இருப்பது போன்ற நாள்பட்ட இரத்தத் தேக்கத்துக்கும் பிரிட்டனில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் வந்த முடிவின்படி மறு அறுவை குறைந்தது, ஆனால் ஆறு மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்களும் குறைந்தே இருந்தார்கள். படத்தில் இரத்தம் குறைவதும் மனிதர் நலமடைவதும் ஒன்றாகவே நடக்கும் என்று சொல்ல முடியாது.

அடோர்வாஸ்டாடின் அவ்வளவு கடுமையான மருந்து இல்லை. கோடிக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதல். ஆயினும் இந்த நோய்க்கு அது இன்னும் பரந்த அளவில் நிரூபிக்கப்பட வேண்டிய மருந்துதான் என்று மருத்துவரே சொன்னார். தெரிந்ததையும் தெரியாததையும் எங்கள் முன் பிரித்து வைத்துப் பேசினார் என்பதற்காகவே அவரை நம்புகிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

ஒரு காஜா முழுவதும் எடுத்தார். தையல்கள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகன்றும் இருக்கின்றன. அந்தத் துணிக்கும் தேதி எழுதினேன்.

ஜூன் 25, செவ்வாய்

ஸ்கேன். பிறையின் தடிமன் 8 மி.மீ. நடுக்கோட்டு விலகல் 1 மி.மீ.

ஜூன் 26, புதன்

நேற்று எண்களைத் தவிர வேறெதையும் எழுத முடியவில்லை. மருத்துவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக் காட்டினார். பழைய படத்தில் அழுந்தியிருந்த மூளை மடிப்புகள் புதியதில் மெல்லத் தெரிகின்றன. அம்மா கை கூப்பினாள். மாத்திரை வேலை செய்திருக்கிறதா என்று கேட்டேன். மருந்தே இல்லாமலும் சிலருக்கு இப்படிக் கரையும், ஒருவரை வைத்து மட்டும் சொல்ல முடியாது, எட்டு வாரத்தையும் முடிப்போம் என்றார். தம்பி போனில் அழுதான். இனி அறுவையைப் பற்றிப் பேசமாட்டேன் என்றான். பேசலாம், இன்னும் முடியவில்லை என்று அவனிடம் சொன்னேன்.

ஜூன் 30, ஞாயிறு

கடையில் வேறு நிறுவனத்தின் பட்டையைக் கொடுத்தார்கள். வழக்கமான மாத்திரை வட்டம், இது நீள்வட்டம். அப்பா சாப்பிட மறுத்தார். உள்ளிருக்கும் மருந்தின் பெயரையும் 20 மி.கி. என்பதையும் கண்ணாடி போட்டு அவரே படித்த பிறகுதான் விழுங்கினார்.

ஜூலை 3, புதன்

கல்லீரலின் நிலையைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. பார்க்க நாளை காலை இரத்தம் எடுக்க வருகிறார்கள். வெறும் வயிற்றில் இருக்க வேண்டுமா என்று ஆய்வகத்தில் கேட்க வேண்டும். காலையில் இடப்பக்கத் தலை சற்றுக் கனமாக இருப்பதாக அப்பா சொன்னார். வலி இல்லை என்கிறார். மருத்துவருக்குத் தகவல் அனுப்பியிருக்கிறேன்.