மேற்கு வராந்தா: ஒரு வாசிப்பு டீச்சரின் நாட்குறிப்பு

2025 ஜூன் 12, வியாழன்

இந்த வருஷமும் வாசிக்கத் திணறும் பிள்ளைகளை என்னிடம் விட்டிருக்கிறார் தலைமையாசிரியை. மூன்று, நான்கு, ஐந்து என மூன்று வகுப்பிலிருந்தும் வருகிறார்கள். மேற்கு வராந்தாவில் ஒரு பாய், சாய்த்து வைத்த கரும்பலகை, என் நாற்காலி. காலைச் சாப்பாடு முடிந்து தட்டு கழுவி வைத்ததும் ரெண்டு ரெண்டு பேராக வருவார்கள். திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்து ஊர் எங்களுடையது. தெருவுக்குள் நுழைந்தால் வாசலுக்கு வாசல் பீடி சுற்றுகிறார்கள்.

பிள்ளைகளின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் வாசிப்பதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

முதல் நாள் வழக்கம்போல எழுத்து கேட்டேன். அ முதல் ன் வரைக்கும் தடையே இல்லாமல் சொல்கிறார்கள். 247 எழுத்தும் பாட்டாக வருகிறது. 'பட்டம்' என்று எழுதிக் காட்டினால் மட்டும் நின்றுவிடுகிறார்கள். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் விரல் வைத்து "ப... இட்... ட... இம்" என்றான். சேர்த்துச் சொல்லுடா என்றேன். "பஇட்டஇம்" என்றான். அவன் முந்தின வாரம் முழுக்க வயக்காட்டில் பட்டம் விட்டவன்!

குற்றம் அவனிடம் இல்லை. மெய்யெழுத்துக்கு இக், இங், இச் என்று பெயர் வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். தனியே சொல்ல அது வசதி. வாசிக்கும்போது அந்த 'இ' குறுக்கே விழுந்து கிடக்கிறது. அதனால் என் பாயில் மெய்யெழுத்து தனியாக உட்காராது. முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டித்தான் வரும். பட், டம். ரெண்டு கைத்தட்டு. வண், டி. தென், னை. யாப்பிலக்கணம் அசை பிரிப்பதும் இப்படித்தானே, ஒற்றைத் தனியே எண்ணாமல் முன்னெழுத்தோடு சேர்த்துத்தான் பார்க்கும். வெண்பாவுக்குச் சொல்லி வைத்த வழி மூணாங்கிளாஸ் பிள்ளைக்கும் உதவுகிறது. பள்ளிக்கூடம் விடுவதற்குள் அவன் 'பட்டம்', 'கட்டம்', 'சட்டம்' மூன்றையும் தட்டித் தட்டிப் படித்துவிட்டான்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று முழுக்கக் கொம்பு.

கண் இடமிருந்து வலம் போகிறது. 'கெ' என்ற எழுத்தில் கொம்பு முதலில் நிற்கிறது, அதன் ஒலியோ க-வுக்கு அப்புறம் வருகிறது. 'கொ' வந்தால் முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் க. பெரியவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது. ஆறேழு வயதுப் பிள்ளை கொம்பைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நிற்கும், இல்லாவிட்டால் கொம்பையே விட்டுவிட்டு 'கொடி'யைக் 'காடி' என்று வாசிக்கும். அவசரப்பட்டு வாசிக்கிறான் என்று திட்டுவோம். அவன் பார்த்ததைத்தான் வாசித்திருக்கிறான்.

அட்டையில் கொம்பைச் சிவப்பில் எழுதினேன். சிவப்பைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு அடுத்த எழுத்தைப் பார், அப்புறம் ரெண்டையும் சேர்த்துச் சொல். இவ்வளவுதான் விதி. நன்றாகவே வேலை செய்கிறது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் குழம்புவது இன்னும் போகவில்லை.

எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இன்றைக்கு இருக்கும் வேறு வேறு வடிவத்தைத் தந்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் காமநாயக்கன்பட்டியில் இருந்தவர் அவர், நம் பக்கத்து மனிதர்தான். அதற்கு முன்னே, ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளியும் இருக்காது, எ-ஏ, ஒ-ஓ என்ற குறில் நெடில் வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியாது. வாசிக்கிறவர் பொருளை வைத்துத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படியும் படித்தார்கள். எழுத்தை மட்டும் வைத்து யாரும் வாசிப்பதில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஜூலை 10, வியாழன்

வாசிப்புத் திறன் பார்க்க ஒருவர் வந்திருந்தார். ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி, தப்பான சொல்லுக்கெல்லாம் கோடு போட்டுக்கொண்டே போனார். ரெண்டு பேருக்கு நிறையக் கோடு விழுந்தது. ரெண்டு பேரும் ஒரே நிலை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். மனசு ஆறவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பத்தியில் இருந்தது: "தாத்தா கடைக்குப் போகிறார். பேரன் பின்னால் நடக்கிறான். குளத்தில் மாடு நிற்கிறது."

முதலில் பட்டம் விட்ட பையன் வாசித்தது: "தாத்தா கடைக்குப் போறாரு. பேரன் பின்னால நடக்கான். குளத்துல மாடு நிக்கி."

அடுத்தவள் வாசித்தது: "தாத்தா கடைக்குப் போகிறார். பேரன் பின்னல் நாடகம். குடத்தில் மாடு நிற்கிறது."

பையனுக்குப் போட்ட கோடு ஒவ்வொன்றும் அவன் புரிந்துகொண்டதற்குச் சாட்சி. எழுத்தைப் பார்த்தான், பொருளைப் பிடித்தான், தன் வாய்க்குத் தெரிந்த திருநெல்வேலித் தமிழில் அதைத் திருப்பிச் சொன்னான். பொருள் தெரியாமல் 'நடக்கிறான்' யாருக்காவது 'நடக்கான்' ஆகுமா? அந்தப் பிள்ளையோ முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறாள். குடத்துக்குள் மாடு நிற்பது அவளுக்கு விசித்திரமாகப் படவே இல்லை. வாசிப்பது என்பது டீச்சருக்குச் சத்தம் காட்டுவது என்று நினைத்திருக்கிறாள்.

ரெண்டு பேருக்கும் தர வேண்டிய வைத்தியம் வேறு வேறு. பையனை நான் திருத்தவே போவதில்லை. புத்தகத் தமிழை அவன் காதில் நிறையப் போட்டால் போதும், தினமும் ஒரு கதையை நான் வாசித்துக் காட்டினால் தானாக வந்துவிடும். அவளிடம் ஒவ்வொரு வரி முடிந்ததும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "மாடு எங்க நிக்கி?"

'வாழை'யை 'வாளை' என்று வாசித்தாலும் கோடு போடுகிறார்கள். எங்கள் ஊரில் வாத்தியார் முதற்கொண்டு வாளப்பளம்தான் சாப்பிடுகிறோம். அது நாக்கின் பழக்கம், அதற்கு வேறொரு நேரம் வைத்துக்கொள்ளலாம். வாசிப்புக் கணக்கில் ஏன் கழிக்க வேண்டும்?

ஜூலை 25, வெள்ளி

நேற்று ஆடி அமாவாசை. வாரம் முழுக்க வகுப்பில் பாதி ஆள் இல்லை. குடும்பத்தோடு காரையாறு சொரிமுத்து ஐயனார் கோவிலுக்குப் போய், குடில் போட்டுத் தங்கிவிடுவார்கள். இன்றைக்குச் சில பேர் தூக்கக் கண்ணோடு வந்தார்கள், தலையில் இன்னும் ஆற்று மணல்.

பாடப்புத்தகத்தை எடுக்கவில்லை. என்னடே நடந்துச்சு, சொல்லு என்றேன். பட்டம் விட்ட பையன் ஆரம்பித்தான். அவன் சொல்லச் சொல்ல அப்படியே கரும்பலகையில் எழுதினேன்:

நாங்க வேன்ல போனோம்.
ஆத்துல குளிச்சோம்.
சங்கிலி பூதத்தாருக்கு ஒருத்தர் சங்கிலிய வச்சு மேல அடிச்சாரு.
எங்க ஆச்சி பட்டவராயனுக்குச் செருப்பு கட்டுனாவ.
போன வருசம் கட்டுன செருப்பு தேஞ்சிருக்கும்.

கடைசி வரியை அவன் சொன்னபோது சத்தம் தாழ்ந்துவிட்டது. அந்தக் கோவிலில் இருக்கும் சாமி பட்டவராயன். அவர் அந்தச் செருப்பைப் போட்டு நடப்பார், அதனால்தான் தேய்ந்திருக்கிறது என்பது அங்கே எல்லாருடைய நம்பிக்கையும். "நீ பாத்தியாடா?" என்றேன். "பாத்தேன் டீச்சர். குதிங்கால்ல தேஞ்சிருந்துச்சு." உடனே அதையும் எழுதச் சொன்னான். எழுதினேன்.

அப்புறம் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, வாசி என்றேன். அஞ்சாறு வரியையும் வாசித்தான். 'பூதத்தாருக்கு' என்ற சொல்லில் ஏழு எழுத்து, நடுவில் ஒற்று. பாடப்புத்தகத்தில் இருந்தால் கிட்டேயே போயிருக்க மாட்டான். விரல் அதன் மேல் வந்ததும் நிற்கவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறான், வாசிக்கவில்லை என்று யாராவது சொல்லக்கூடும். அதற்குத்தான் வரிகளைக் கலைத்து, தாளில் எழுதி, வெட்டிக் கொடுத்தேன். 'சங்கிலி'யையும் 'செருப்பு'வையும் எங்கே போட்டாலும் எடுத்துவிட்டான். 'குளிச்சோம்' எடுக்கக் கொஞ்சம் தாமதமானது.

பேச்சுத் தமிழைப் பலகையில் எழுதலாமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். பிள்ளை தப்பாகப் பழகிவிடுவான் என்பது அவர் கவலை. அதில் நியாயம் உண்டு. தன் வாயில் இருந்து வந்தது எழுத்தாக மாறி நிற்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்ட பிள்ளைக்கு அப்புறம் எழுத்தின் மேல் பயம் இருக்காது என்பது என் கட்சி. திங்கட்கிழமை பக்கத்திலேயே 'ஆற்றில் குளித்தோம்' என்று எழுதிக் காட்டுவேன். ரெண்டும் ஒன்றுதான் என்று அவனே கண்டுபிடிப்பான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அம்மாமார் கூட்டம். வீட்டில் பிள்ளையைத் தினமும் கொஞ்ச நேரம் வாசிக்க வையுங்கள் என்றேன். ஓர் அம்மா எழுந்து, "எனக்கே எழுத்து தெரியாதே டீச்சர், நான் என்னத்தச் சொல்லிக்கொடுக்க?" என்றார். சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேளுங்கள் போதும் என்றேன். சுளகை மடியில் வைத்து இலையைச் சுருட்டும்போது கைதானே ஓடுகிறது, காது சும்மாதான் இருக்கிறது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கட்டும். முடித்ததும், "கதையில யாருட்டி வந்தா? என்ன செஞ்சா?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை சரியாகச் சொன்னால் சரியாக வாசித்திருக்கிறாள்.

அந்த அம்மா உட்காரும்போது முகம் மாறியிருந்தது. படிக்காதவர்கள் பிள்ளையின் படிப்பில் கை வைக்கக் கூடாது என்று அவர்களை யாரோ நம்ப வைத்திருக்கிறார்கள். அதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஓர் ஆச்சி பேரன் லீவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். 'பிள்ளை', 'இல்லை', 'காலை' எல்லாமே பழைய லை, ளை. மேலே துதிக்கை வளைந்த மாதிரி இருக்குமே, அந்த எழுத்து. பேரனால் வாசிக்க முடியவில்லை. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது ஆச்சி பள்ளிக்கூடத்தை விட்டு வெகுகாலம் ஆகியிருக்கும். புது எழுத்தை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனாலும் தினம் பேப்பர் படிக்கிறார். எப்படி ஆச்சி என்று கேட்டேன். "சேதி தெரிஞ்சா எழுத்து தன்னால தெரியும்லா" என்றார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அஞ்சாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கடகடவென்று வாசிக்கிறாள். எந்த வகுப்பு டீச்சரும் அவளை என்னிடம் அனுப்பவில்லை, நானாகத்தான் கூப்பிட்டேன். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி உண்டு. அவள் நேராகப் 'பற'வை எடுத்து, மூச்சு விடாமல் முடித்தாள். கதையில் என்னம்மா நடந்தது? பதில் இல்லை. முற்றுப்புள்ளியில் நிற்கவில்லை, கேள்விக்குறியில் குரல் ஏறவில்லை.

இந்தப் பிள்ளைகள் யார் கணக்கிலும் வருவதில்லை. எட்டாம் வகுப்பில் அறிவியல் புத்தகத்தைத் திறக்கும்போதுதான் விழுவார்கள், அப்போது ஏன் விழுந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கு 'நட' கொடுத்து, பாதியில் புத்தகத்தை மூடி, அடுத்து என்ன ஆகும் என்று கேட்கிறேன். முதலில் அவளுக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கு, "அந்த நரி பொய் சொல்லுது டீச்சர், எனக்குத் தெரியும்" என்றாள். அப்புறம் அவளே புத்தகத்தைப் பிடுங்கித் திறந்தாள்.

அக்டோபர் 15, புதன்

திங்கட்கிழமை தீபாவளி. பிள்ளைகளின் காதில் எதுவும் ஏறாது.

பட்டம் விட்ட பையனை வகுப்புக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். இன்னும் 'நடக்கான்' என்றுதான் வாசிக்கிறான், சில நேரம் 'நடக்கிறான்' என்றும் வருகிறது. குடத்தில் மாடு நிறுத்தியவள் இப்போது பொருந்தாத சொல் வந்தால் தானே நின்று, திரும்பிப் போய்ப் பார்க்கிறாள். அந்தத் திரும்பிப் போவதைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வகுப்பில் ஒருவன் மட்டும் அசையவே இல்லை. கைத்தட்டும் சிவப்புக் கொம்பும் அவனிடம் பலிக்கவில்லை. கதை கேட்டால் வரி விடாமல் திருப்பிச் சொல்கிறான், ஆகவே புத்திக்கு ஒன்றும் குறைவில்லை. பலகையைப் பார்க்கும்போது தலையைச் சாய்த்து ஒரு கண்ணைச் சுருக்குகிறான். பக்கத்தில் தாளைக் கொடுத்தாலும் மூக்கருகே கொண்டுபோகிறான். அவன் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினேன். லீவு முடிவதற்குள் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போய்க் கண்ணைப் பார்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். கண்ணாடி வந்தால் மறுபடியும் பட், டம் என்று முதலில் இருந்து தொடங்க வேண்டும். அவனுக்கென்று பெரிய எழுத்தில் அட்டை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.