நாடி ஏடும் அம்மாவின் மூன்று பேரும்

தமிழ்நாட்டு வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நாடி பார்க்க, அதாவது பழைய ஓலை ஏட்டில் என் பலனைக் கேட்கப் போகிறேன் என்றதும் லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "ஒண்ணும் கொண்டு போகத் தேவையில்ல, பெருவிரல் ரேகை போதும்." ரேகை போதும்தான், ஏடு தேடத் தொடங்குவதற்கு. எடுத்து வாசிக்கிற ஏடு நம்முடையதா இல்லையா என்று சொல்ல வேண்டியது நாம். அதற்கு நம்மைப் பற்றி நமக்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது என்பதே ஆயத்தம் செய்யத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

நான் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். பதினொரு வருசம் கொழுந்து எடுத்துவிட்டு இப்போது டவுனில் ஒரு கடையில் நிற்கிறேன். ஏழு பேர்ச் காணி வரும், வீடு வரும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். அம்மா அதை எதிர்பார்த்து எதிர்பார்த்தே மூன்று வருசத்துக்கு முந்தி லயக்காம்பராவில் கண்ணை மூடினார். எனக்கென்று சொந்த மண் இருக்கிறதா என்று கேட்கத்தான் போனேன். நாடியில் முதல் காண்டம் பொதுப்பலன், இரண்டாவது குடும்பமும் தனமும், ஏழாவது கல்யாணம், பத்தாவது தொழில் என்று வரிசையாகப் போகும். தாய், வீடு, காணி, வாகனம் நான்கும் நான்காம் காண்டம். அம்மாவும் வீடும் ஒரே காண்டத்தில் இருப்பதை அறிந்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதல் காண்டத்தில் பிறந்த தமிழ் வருசம், மாதம், கிழமை, நட்சத்திரம், லக்னம் எல்லாம் வரும் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். என் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் இருப்பது 1986 நவம்பர். அம்மா எப்போதும் சொன்னது, "தீவாளிக்கு முந்தின செவ்வாக்கிழமை, ஸ்டோர் சங்கு ஊதி உங்கப்பா பெரட்டுக்கு எறங்கின கையோட நீ பொறந்த." ஸ்டோர் என்றால் தேயிலை ஆலை, பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடம். பதியப் போனது பிந்தித்தான், அதனால் பத்திரத்தில் மாதம் மாறிவிட்டது. சங்கு ஊதும் நேரத்தைக் கேட்கப் பழைய ஸ்டோர் தாத்தா ஒருவரைத் தேடிப் போனேன். காது மங்கிவிட்டது, ஆனாலும் கேட்டவுடன் சொன்னார், அந்தக் காலத்தில் ஐந்தரை என்று. கோயில் ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதித் தந்தார்: அட்சய வருசம், ஐப்பசி, செவ்வாய்க்கிழமை, மக நட்சத்திரம், துலா லக்னம். நான்காம் இடமான மகரத்தில் செவ்வாய் உச்சம். செவ்வாய் பூமிகாரகன், காணி பூமிக்கு உரிய கிரகம். சங்குக்கு அரை மணி முந்திப் பிறந்திருந்தால் லக்னம் கன்னிக்குப் போய், அந்தச் செவ்வாய் ஐந்தாம் இடத்துக்கு நகர்ந்துவிடும் என்றார் ஐயர். அம்மா மணிக்கூடு பார்க்கத் தெரியாதவர். சங்கை வைத்து எனக்கு லக்னம் குறித்து வைத்திருக்கிறார்.

அடுத்தது பேர். நாடியில் நம் பேர், தாய் தகப்பன் பேர், புருசன் பேர் எல்லாம் வரும். அப்பாவுக்கு ஒரே பேர். அம்மாவுக்குத்தான் சிக்கல். செக்ரோலில், அதாவது தோட்டத்துப் பேர்ப்பதிவில், ஓர் அம்மன் பேர். ஐடென்டிட்டி கார்டில் அதே பேர் சிங்களத்தில் எழுதப்பட்டு, திரும்பத் தமிழுக்கு வரும்போது வேறு யாரோ ஒருவருடைய பேர்போல ஆகியிருந்தது. வீட்டில் எல்லாரும் கூப்பிட்டது ஒரு பூவின் பேர். இந்தச் சிக்கலால்தான் அம்மாவின் ஊழியர் சேமலாப நிதிப் பணம் இன்னும் எங்கள் கைக்கு வராமல் நிற்கிறது. கேட்டுப் போனால் "ஆள் ஒருவர்தானா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் யோசித்து, வீட்டுப் பேர்தான் உண்மைப் பேர், மற்றது கணக்கப்பிள்ளை எழுதியது என்று முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. அதுதான் பிழை.

விரலையும் சொல்ல வேண்டும். ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது பெருவிரல். ரேகைகளை 108 வகையாகப் பிரித்து, அந்த வகை ஓலைக் கட்டைத்தான் எடுப்பார்கள். கொழுந்து எடுத்த கையில் ரேகை தேய்ந்திருக்கும், வெடிப்புக்குள் கறை இறங்கிக் கறுத்திருக்கும். அங்கே முதல் தடவை மை ஒற்றியபோது என் விரல் வெறும் கறுப்புப் பொட்டாக விழுந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவி மூன்றாம் தடவைதான் சுழி தெரிந்தது. மலையில் வேலை செய்கிறவர்கள் பத்து நாளைக்கு முந்தியே தேசிக்காய் (எலுமிச்சை) தேய்த்து, இரவில் தேங்காய் எண்ணெய் பூசி வையுங்கள்.

வீசா, டிக்கட் எல்லாம் எல்லாரும் பார்க்கிற வேலை, அதை விடுகிறேன். கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி. அங்கே அப்பாவின் அக்கா, என் அத்தை இருக்கிறார். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகக் கணக்குப் போட்டார்களே, அந்தக் கணக்கில் எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறியவர். நானும் வருகிறேன் என்று அத்தையும் கூட வந்தார். ரயிலில் தஞ்சாவூர், கும்பகோணம் தாண்டி மயிலாடுதுறை, பிறகு பஸ். செவ்வாய்க்கிழமையைத் தவிர்த்தோம். அது அங்காரகன் என்கிற செவ்வாயின் தலம், அன்று சனம் நெரியும்.

இறங்கின இடத்திலேயே "நாடி பாக்கணுமா?" என்று ஆட்கள் வருவார்கள். ஆட்டோவில் ஏறினால் ஊர், பேர், என்ன பிரச்சினை என்று அன்பாகக் கேட்பார்கள். ஒன்றுக்கும் பதில் சொல்லாதீர்கள். அத்தைக்கு வாய் சும்மா இருக்காது, அதனால் முதல் நாளே சொல்லி வைத்தேன். எங்கே பார்ப்பது, எத்தனை காண்டம் பார்ப்பது, எவ்வளவு காசு செலவழிப்பது என்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு போனேன். காண்டத்துக்குக் காண்டம் தனிக் காசு. சாந்தி காண்டம், தீட்சை காண்டம் என்று இறங்கினால் பரிகாரச் செலவு எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது.

முதலில் கோயில். சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைத்து, உப்பும் மிளகும் போட்டு, வைத்தியநாத சுவாமியையும் தையல்நாயகியையும் கும்பிட்டு, அங்காரகன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். என் நான்காம் இடத்துச் செவ்வாய் இவர்தானே என்று நினைத்தபோது அழுகை வந்தது.

ஏடு பார்க்கும் அறை சின்னது. ஒரு அகத்தியர் படம், ஒரு விளக்கு. கட்டைப் பிரித்ததும் ஒரு மூலிகை எண்ணெய் வாசம் வந்தது. இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே, ஓட்டையில் கயிறு கோத்த ஒடுங்கிய ஓலைகள். எழுத்தாணியால் கீறி மை தடவிய எழுத்து எறும்பு வரிசைபோல இருக்கும். ஏட்டெழுத்தில் மெய்க்குப் புள்ளி கிடையாது, எகர ஏகார வித்தியாசமும் கிடையாது. பழகாத கண்ணுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. சிங்கள அயலவர் வீடுகளில் தாளிப்பனை ஓலையில் எழுதிய பிறப்புச் சாதகம் பார்த்திருக்கிறேன். அதைப் போன்ற ஓலைதான், ஆனால் கட்டுக் கட்டாக.

வாசிக்கிறவர் ஒவ்வொரு ஏடாகப் பாட்டுப்போல ஓதி நிறுத்திக் கேட்பார். "தகப்பனார் பேர் முருகன் பேரா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்கம்மா." "கூடப் பிறந்தவங்க மூணு பேரா?" "ஐப்பசி மாசமா?" ஒரு "இல்லை" சொன்னால் அந்த ஏடு தள்ளப்படும். முதல் நாள் இரண்டு கட்டு முடிந்தது, ஏடு இல்லை. மறுநாள் மூன்றாவது கட்டின் நடுவில் ஒரு ஏடு எல்லாவற்றுக்கும் பொருந்திக்கொண்டே வந்தது. அட்சய வருசம், ஆமா. மகம், ஆமா. அப்பா பேர், ஆமா. "தாயார் பேர் அம்மன் பேரா?" நான் முடிவு செய்து வைத்திருந்தபடி "இல்லை" என்றேன். அவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஓலையைத் தள்ளினார். கட்டு முடிந்தது. நாளைக்கு வாருங்கள் என்றார்.

அன்றிரவு லொட்ஜில் நடந்ததைச் சொன்னபோது அத்தை சாப்பாட்டில் வைத்த கையை எடுக்காமலே இருந்தார். "ஏண்டி இல்லன்னு சொன்ன? ஒங்கம்மாவுக்குப் பொறந்தப்ப வச்ச பேரே அதுதானே. எங்கம்மாவுக்கும் அதே பேரு. மாமியா பேர மருமகள எப்படிக் கூப்பிடுறதுன்னு கல்யாணத்தன்னிக்கு எங்கம்மாதான் பூப்பேரு வச்சாங்க." எனக்கு அப்பாயி என்றுதான் தெரியும். அப்பாயியின் பேரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை. எங்கள் நாட்டில் அம்மாவுக்கு என்று இருந்த சொந்தப் பேரை, கணக்கப்பிள்ளை எழுதியது என்று நானே தள்ளியிருக்கிறேன்.

காலையில் அத்தையையும் கூட்டிக்கொண்டு போய் உள்ளதைச் சொன்னேன். ஏடு வாசிக்கிறவர் கோபப்படவில்லை. அதே கட்டை அவிழ்த்து, அதே ஏட்டை எடுத்து, அந்தப் பேரோடு தொடர்ந்து ஓதினார். நானாகப் போய்ப் பேரைச் சொன்ன பிறகு வாசித்த ஏட்டை யாருக்கும் அத்தாட்சியாகக் காட்ட மாட்டேன். வருசமும் மாதமும் நட்சத்திரமும் தெரிந்தால் கிரக நிலையைப் பஞ்சாங்கத்திலேயே பார்க்கலாம், அதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த ஓலையில் அம்மா பேரை அவர் ராகத்தோடு இழுத்துச் சொன்ன நேரம் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பேரை அப்படிச் சத்தமாக ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான்காம் காண்டத்தில் நாற்பத்தொரு வயதுக்கு மேல் சொந்த மண்ணில் வீடு அமையும், தாய்வழிக் காரியம் ஒன்று தீர்த்த பிறகே அமையும் என்று வந்தது. எல்லாவற்றையும் போனில் பதிய விட்டார்கள், கொப்பியிலும் எழுதித் தந்தார்கள். 48 நாள் பூசையை அவர்களே செய்வதாகச் சொன்னதற்கு மாட்டேன் என்றேன். கோயிலில் அம்மா பேரில் ஓர் அர்ச்சனை மட்டும் செய்தோம். எந்தப் பேர் என்று குருக்கள் கேட்டபோது அத்தை முந்திக்கொண்டு சொன்னார்.

திரும்பி வரும் முன் அத்தையிடம், அம்மாவின் பேர் மாறிய கதையைத் தேதி, ஊர், சாட்சி இருந்தவர்களோடு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அந்தக் கடிதத்தோடு செக்ரோல் பிரதியும், அம்மா கைநாட்டு வைத்த பழைய சேமலாப நிதிப் பத்திரமும் ஒரே பைலில் இருக்கிறது. வரும் வியாழக்கிழமை லோயரிடம் போய், மூன்று பேரும் ஒருவருடையதே என்று சத்தியக்கடதாசி முடிக்க இருக்கிறேன்.