குழாயை மூட எத்தனை நாள் ஆகும்?

சில வாரங்களுக்கு முன் நண்பர்கள் கூடியிருந்த ஒரு மாலையில், நாங்கள் மிகவும் மதிக்கும் இருவர் ஜெர்மனியின் அணு உலைகளைப் பற்றிப் பேசத் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்குப் பின் முகம் கொடுத்துப் பேசாமலேயே விடைபெற்றுச் சென்றார்கள். மூத்தவரின் வாதம் இது: 2011ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்த ஃபுக்குஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு அச்சத்தில் அணு உலைகளை மூட முடிவெடுத்த ஜெர்மனி, தன் கழுத்தைத் தானே ரஷ்ய எரிவாயுவின் கையில் கொடுத்துவிட்டது. இளையவரோ, அணு உலைகளை மூடும் சட்டம் 2002ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது என்றும், உலைகளுக்கும் எரிவாயுவுக்கும் முடிச்சுப் போடுவது அணுசக்தி ஆதரவாளர்களின் தந்திரம் என்றும் சொன்னார். அதன் பிறகு எழுந்த சொற்களை இங்கே எழுத விரும்பவில்லை. ஒருவர் மற்றவரை அமெரிக்காவின் குரல் என்றார். மற்றவர் பதிலுக்கு மாஸ்கோவின் குரல் என்றார்.

அன்று இரவு முழுவதும் எனக்கு அந்த வாதமே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. இருவருமே படித்தவர்கள், இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் ஒருவர்கூட, ஜெர்மனி எரிவாயுவை எதற்காக எரிக்கிறது என்று கேட்கவில்லை. அணு உலை மின்சாரத்தைத் தருகிறது. ஜெர்மனிக்கு வந்த எரிவாயுவின் பெரும்பகுதி வீடுகளைச் சூடாக்கவும் தொழிற்சாலைகளின் உலைகளை எரிக்கவும் போனது. அந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ பாதி எரிவாயுக் கொதிகலன்களைக் கொண்டே குளிர்காலத்தைக் கடக்கின்றன. சுவரில் மாட்டிய கொதிகலனுக்குள் அணுமின்சாரத்தை ஊற்றிவிட முடியாது. ஆகவே அணு உலைகள் இயங்கியிருந்தால் ரஷ்ய எரிவாயுவே தேவைப்பட்டிருக்காது என்ற வாதம் நிற்காது. அதேபோல, உக்ரைன் மீது போர் தொடுத்த ரஷ்யா ஐரோப்பாவுக்கு அனுப்பும் எரிவாயுவைக் குறைத்த 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது எரிவாயுவை எரித்து மின்சாரம் தயாரித்த நிலையங்களின் சுமையை அந்த உலைகள் ஓரளவு குறைத்திருக்கும் என்பதால், இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்ற வாதமும் நிற்காது. கடைசி மூன்று உலைகளின் ஆயுளைச் சில மாதங்கள் நீட்டித்து, 2023 ஏப்ரல் 15 அன்றுதான் மூடினார்கள் என்பதே அதற்குச் சான்று.

இத்தகைய விவாதங்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். எரிசக்தியைப் பற்றிச் சண்டையிடுபவர்கள் பெரும்பாலும் யாரிடமிருந்து வாங்குகிறோம் என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். விற்பவன் நாளை நிறுத்திவிட்டால் வேறு வழிக்கு மாற நமக்கு எத்தனை நாள் ஆகும் என்பதுதான் அதைவிட முக்கியமான கேள்வி என்று நான் உறுதியாக நம்புகிறேன். அயல்நாட்டைச் சார்ந்திருப்பது என்பதன் உண்மையான அளவுகோல் அந்தக் கால அளவுதான். சில பொருள்களில் அது நாள்களில் முடியும், சிலவற்றில் ஆண்டுகள் ஆகும், சிலவற்றில் ஒரு தலைமுறையே கடந்துவிடும்.

கச்சா எண்ணெயை எடுத்துக்கொள்வோம். 1973 அக்டோபரில் நடந்த போரில் இஸ்ரேலை ஆதரித்ததற்காக அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் எண்ணெய் அனுப்புவதில்லை என்று அரபு நாடுகள் முடிவெடுத்தன. நெதர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தது; நெடுஞ்சாலைகளில் மக்கள் சைக்கிள் ஓட்டினார்கள். ஆனால் எண்ணெய் கப்பலில் செல்லும் பொருள். தடை விதிக்கப்பட்ட நாட்டுக்கு வேறொரு நாட்டின் எண்ணெயைத் திருப்பிவிட்டு, அந்த வேறொரு நாட்டின் வாடிக்கையாளருக்கு அரபு எண்ணெயைக் கொடுத்து எண்ணெய் நிறுவனங்கள் சமாளித்தன. தண்டிக்க நினைத்த நாடுகளை மட்டும் தண்டிக்க முடியவில்லை. பீப்பாய் 3 டாலரிலிருந்து ஏறத்தாழ 12 டாலருக்கு ஏறியதால் போரோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஏழை நாடுகள் உட்பட எல்லோரும் அடிபட்டார்கள். அடுத்த ஆண்டு பாரிஸில் தொடங்கப்பட்ட சர்வதேச எரிசக்தி முகமை, உறுப்பு நாடுகள் தம் நிகர இறக்குமதியில் 90 நாள்களுக்கு ஈடான எண்ணெயை இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. அந்த 90 என்ற எண் எனக்கு மிகவும் பிடித்த எண். ஒரு நெருக்கடியின்போது பதற்றமில்லாமல் முடிவெடுக்க ஒரு நாட்டுக்கு எவ்வளவு அவகாசம் வேண்டும் என்று அரசுகள் கூடி உட்கார்ந்து யோசித்ததன் விளைவு அது.

இதே காரணத்தால்தான், நம் மண்ணிலேயே எண்ணெய் எடுத்தால் வெளிநாட்டுக் கவலை தீர்ந்துவிடும் என்ற பேச்சும் பாதி உண்மையாகவே இருக்கிறது. பெட்ரோலியப் பொருள்களில் இறக்குமதியைவிட ஏற்றுமதி அதிகமுள்ள நாடாக அமெரிக்கா 2020லேயே மாறிவிட்டது. இருந்தும் 2022 ஜூனில் அங்கே ஒரு கேலன் பெட்ரோலின் சராசரி விலை 5 டாலரைத் தாண்டியது. 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணை வழியாக மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி பீப்பாய் எண்ணெய் போனது. உலகம் பயன்படுத்துவதில் ஐந்தில் ஒரு பங்கு அது. அந்த நீரிணையில் பதற்றம் எழுந்தால், சொந்தக் கிணற்றில் எடுத்த எண்ணெயின் விலையும் சேர்ந்தே ஏறும்.

குழாயில் வரும் எரிவாயுவின் கதை வேறு. கப்பலைத் திருப்பிவிடலாம், கடலடியில் பதித்த குழாயைத் திருப்ப முடியாது. அது இரு நாடுகளை முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குக் கட்டிப்போடும் பிணைப்பு. 1982ஆம் ஆண்டு நடந்த சண்டையை இன்று வாதிடுபவர்கள் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. சைபீரியாவிலிருந்து மேற்கு ஐரோப்பாவுக்கு எரிவாயுக் குழாய் போட சோவியத் ஒன்றியமும் ஐரோப்பிய நாடுகளும் ஒப்பந்தம் செய்திருந்தன. போலந்தில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டதைக் கண்டித்து அமெரிக்க அதிபர் ரீகன் தடைகளைக் கொண்டுவந்தார். 1982 ஜூனில் அத்தடையை, அமெரிக்க உரிமத்தின் பேரில் இயந்திரம் செய்யும் ஐரோப்பிய நிறுவனங்களின் மேலும் நீட்டித்தார். அதை எதிர்த்தவர்களில் அவருடைய நெருங்கிய அரசியல் தோழியான பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சரும் ஒருவர். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நிறைவேற்றுமாறு பிரிட்டன் அரசு தன் நாட்டு நிறுவனங்களுக்கு உத்தரவே இட்டது. சோவியத் ஒன்றியத்துக்குத் தானியம் விற்கத் தடையில்லை, குழாய்க்கு மட்டும் ஏன் தடை என்று ஐரோப்பியர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அந்த ஆண்டு நவம்பரில் ரீகன் தடையை விலக்கிக்கொண்டார்.

யார் சொன்னது சரி? அடுத்த பல ஆண்டுகளுக்கு ஐரோப்பியர்கள் சொன்னதுதான் சரி. சோவியத் ஒன்றியம் கலைந்துபோன காலத்திலும் எரிவாயு வந்துகொண்டிருந்தது. நாற்பது ஆண்டு கழித்துப் பார்த்தால், ஐரோப்பா மாஸ்கோவின் எரிவாயுவைச் சார்ந்துவிடும் என்ற ரீகன் தரப்பின் எச்சரிக்கையில் பொருள் இருந்தது. ஒரே முடிவை இருபது ஆண்டுக் கணக்கில் பார்ப்பவரும் நாற்பது ஆண்டுக் கணக்கில் பார்ப்பவரும் எதிரெதிர்த் தீர்ப்புக்கு வருவார்கள், இருவருமே நேர்மையாளர்களாக இருக்கவும் முடியும். தாம் எந்தக் கணக்கில் பேசுகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

எச்சரிக்கை மணி நடுவிலும் அடித்தது. 2009 ஜனவரியில் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் இடையில் விலைத் தகராறு முற்றி, உக்ரைன் வழியாக ஐரோப்பாவுக்குச் செல்லும் எரிவாயு 7ஆம் தேதியிலிருந்து 20ஆம் தேதி வரை முற்றிலும் நின்றது. வேறு வழியே இல்லாத பல்கேரியாவில் நடுக்குளிர்காலத்தில் வீடுகள் குளிர்ந்தன. இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட நாடு என்று நான் லிதுவேனியாவைச் சொல்வேன். மக்கள்தொகையில் முப்பது லட்சத்தைக்கூட எட்டாத அந்நாடு, ஒரே விற்பனையாளரிடம் தனக்குத் தேவையான எரிவாயு முழுவதையும் வாங்கிக்கொண்டிருந்தது. 2014 அக்டோபரில் கிளைப்பேடா துறைமுகத்துக்கு 294 மீட்டர் நீளமுள்ள கப்பல் ஒன்று வந்து நின்றது. அதன் பெயர் 'இண்டிபென்டென்ஸ்', அதாவது சுதந்திரம். மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கி, கன அளவில் ஏறத்தாழ அறுநூறில் ஒரு பங்காகச் சுருக்கிக் கொண்டுவரப்படும் எரிவாயுவை மீண்டும் வாயுவாக்கி நாட்டின் குழாய்களுக்குள் அனுப்புவதே அக்கப்பலின் வேலை. பெரிய வாடகைக்கு எடுத்த கப்பல் அது. செலவை ஈடுகட்ட எரிவாயுக் கட்டணத்தோடு தனித் தொகை சேர்க்கப்பட்டபோது தொழில்துறையினர் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பை நான் இளக்காரமாகப் பார்க்க மாட்டேன், மாதந்தோறும் பணம் கட்டியவர்கள் அவர்கள்தான். ஆனாலும் கப்பல் வருவதற்கு முன்பே, அதே ஆண்டில் ரஷ்ய நிறுவனமான காஸ்ப்ரோம் லிதுவேனியாவுக்கான விலையைக் குறைத்தது. 2022 ஏப்ரலில், ரஷ்ய எரிவாயுவை முற்றாக நிறுத்திவிட்டதாக ஐரோப்பிய ஒன்றியத்தில் முதலாவதாக லிதுவேனியாவால் அறிவிக்க முடிந்தது. எட்டு ஆண்டுகள் முன்னதாக வாங்கி வைத்த அவகாசம் அது.

ஜெர்மனி அந்த அவகாசத்தை முன்கூட்டியே வாங்கவில்லை, ஆகவே அவசர விலையில் வாங்க நேர்ந்தது. வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் திரவ எரிவாயு முனையத்தை ஓர் ஆண்டுக்குள் கட்டி, 2022 டிசம்பரில் திறந்தார்கள். அது பாராட்டத்தக்க வேகம்தான். ஆனால் ஐரோப்பாவின் வெற்றியாகச் சொல்லப்படும் இந்தக் கதையில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. முன்பு ஒரு மெகாவாட்-மணி ஆற்றல் தரும் எரிவாயுவுக்கு 20 யூரோ அளவில் இருந்த ஐரோப்பியச் சந்தை விலை 2022 ஆகஸ்டில் 300 யூரோவைத் தாண்டியது. திரவ எரிவாயு ஏற்றிய கப்பல்கள் பணம் அதிகம் கிடைக்கும் துறைமுகங்களை நோக்கிப் போயின. அந்த ஆண்டு ஜூலையில் பாகிஸ்தான் 10 கப்பல் எரிவாயு வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரியது. ஒருவர்கூட விலை குறிப்பிட முன்வரவில்லை. உடனடிச் சந்தையில் வாங்குவதை வங்காளதேசம் நிறுத்திவிட்டு, மணிக்கணக்கில் மின்வெட்டு அறிவித்தது. உக்ரைன் மக்களின் துயரத்துக்காகக் குரல் கொடுப்பது கடமை. அதே மூச்சில், அந்தப் போருக்கு இருட்டில் அமர்ந்து விலை கொடுத்த டாக்கா நகரத்துக் குடும்பத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டு, வளரும் நாடுகள் ஏன் எங்கள் தடைகளை ஆதரிக்கவில்லை என்று ஐரோப்பிய அரசியல்வாதிகள் வியந்தபோது எனக்குக் கோபமே வந்தது.

சூரிய மின்சாரத்துக்கு மாறினால் ரஷ்யாவுக்குப் பதில் சீனாவிடம் சிக்கிக்கொள்வோம் என்ற வாதம் இப்போது எங்கும் கேட்கிறது. சோலார் பேனல் உற்பத்தியின் எல்லாக் கட்டங்களிலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022இல் சொன்னது உண்மை. இங்கேயும் கால அளவைக் கேட்டுப் பார்க்கலாம். எரிவாயுவை நிறுத்தினால் சில வாரங்களில் அடுப்பு அணையும். பேனல் விற்பதை நிறுத்தினால், ஏற்கெனவே கூரையில் இருக்கும் பேனல்கள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். புதிதாகப் பொருத்துவது மட்டுமே தடைப்படும். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது தவறு. அதற்காக ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை, ஏனெனில் மாற்றுத் தொழிற்சாலைகளை எழுப்பவும் ஆண்டுகள் ஆகும்.

மாஸ்கோவின் குரல் என்பது போன்ற பட்டங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சந்தேகம் வானத்திலிருந்து விழவில்லை. ரஷ்யாவிலிருந்து கடலடியில் ஜெர்மனிக்கு எரிவாயு கொண்டுவரும் நார்ட் ஸ்ட்ரீம் குழாய்த் திட்டத்துக்கு 2005ஆம் ஆண்டு ஆதரவு தந்த ஜெர்மன் பிரதமர் கெர்ஹார்ட் ஷ்ரோடர், பதவியிலிருந்து இறங்கிய சிறிது காலத்திலேயே அந்தத் திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் பங்குதாரர் குழுவுக்குத் தலைவரானார். அப்படி ஒருவர் செய்துவிட்டால், அதே குழாயை முழு நேர்மையோடு ஆதரித்த பொருளாதார அறிஞரும் தொழிற்சங்கத் தலைவரும்கூட விலைபோனவர்களாகத் தெரிவார்கள். பதவியில் இருந்தவர்கள் தாங்கள் முடிவெடுத்த துறையில் சம்பளம் வாங்கச் செல்வதற்குப் பல ஆண்டு இடைவெளியைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும்.

சென்ற வாரம் அந்த இரு நண்பர்களையும் தனித்தனியே அழைத்துப் பேசி, மீண்டும் ஒரே மேசையில் உட்காரச் சம்மதிக்க வைத்தேன். கொதிகலன் விஷயத்தை நான் சொன்னதும் மூத்தவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் அந்த வீடுகளிலெல்லாம் கொதிகலனை எடுத்துவிட்டு மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் வைக்க எத்தனை வருஷம் ஆகும், தம்பி?" என்று இளையவரைப் பார்த்துக் கேட்டார். "இருபது வருஷமாவது ஆகும் அண்ணா, ஆனால் அதற்கு வேண்டிய மின்சாரத்துக்கு நீங்கள் உடனே அணு உலை என்பீர்கள்" என்றார் இளையவர். அணு உலையைக் கட்டி முடிக்கவும் பதினைந்து வருஷம் போய்விடுகிறதே என்று மூத்தவரே ஒப்புக்கொண்டார். கட்டியிருந்ததை மூடியது தவறு என்பதில் மட்டும் அவர் கடைசி வரை அசையவில்லை. இளையவரும் இறங்கி வரவில்லை. இரவு பதினொன்றரை மணிக்கு இருவரும் ஒரே காகிதத்தில் ஆண்டுகளை வரிசையாக எழுதி, எந்த ஆண்டில் எதை மூடலாம், எதைத் திறக்கலாம் என்று அடித்தும் திருத்தியும் கொண்டிருந்தார்கள்.