சுவரை விட்டு விலக மறுத்த சங்கிலி

நுண்கால்வாய்க்குள் பாயும் நீரில் ஒரு டி.என்.ஏ. இழை எப்படி நகர்கிறது என்பதைக் கணினியில் உருவகப்படுத்த நான் எழுதிய முதல் நிரல், பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் முழுமையாக ஓடி முடித்துத் தவறான விடையைத் தந்தது.

நான் எடுத்துக்கொண்டது பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரசின் டி.என்.ஏ.; அதில் 48,502 கார இணைகள், அதாவது ஏணிப்படி போன்ற அலகுகள், உள்ளன. நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 16 மைக்ரோமீட்டர் வரும் அந்த இழை, ஓட்டம் இல்லாதபோது வெப்ப அசைவால் சுருண்டு ஓரிரு மைக்ரோமீட்டர் அகலமுள்ள தளர்ந்த பந்தாகக் கிடக்கும். அணு அணுவாகக் கணக்கிடுவது இயலாத காரியம் என்பதால், சங்கிலியைச் சில பத்து மணிகளாகவும் அவற்றைக் கோக்கும் சுருள்வில்களாகவும் கொள்வது 1953இல் ரௌஸ் என்ற அறிவியலாளர் வகுத்த மாதிரியிலிருந்து தொடரும் வழக்கம். பத்து மைக்ரோமீட்டர் கால்வாயில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும் நீருக்கு ரெனால்ட்ஸ் எண் (பாகுத்தன்மையோடு ஒப்பிட நிலைமம் எவ்வளவு பெரிது என்பதன் அளவு) 0.01தான், ஆகவே நிலைமத்தை மறந்துவிட்டு, ஓட்டத்தின் இழுப்பு, வில்லின் விசை, நீர் மூலக்கூறுகளின் தற்செயல் உதைப்பு ஆகிய மூன்றை மட்டும் கூட்டினால் போதும். காலப்படியை, அதாவது அடுத்தடுத்த இரு கணக்கீடுகளுக்கு இடையிலான நேரத்தை, சற்றுப் பெரிதாக வைத்த ஒருநாள், ஒரு வில் தன் உச்ச நீளத்தைத் தாண்டி, விசையின் குறி தலைகீழாகி, சங்கிலியே சிதறிப்போனது. அது கண்ணுக்குத் தெரிந்த பிழை என்பதால் உடனே திருத்த முடிந்தது.

கண்ணுக்குத் தெரியாத பிழை சுவரோரம் இருந்தது. திசைவேகம் அங்கே சட்டென்று மாறுவதால் சங்கிலி நீள்வதும், மடிந்து குட்டிக்கரணம் போடுவதும், மீண்டும் நீள்வதும் நான் எதிர்பார்த்தபடியே நடந்தன. ஆனால் ஓட்டத்தை விரைவாக்கிய அளவுக்குச் சங்கிலிகள் சுவரை விட்டு நகர்ந்திருக்க வேண்டும்; என்னுடையவையோ சுவரை நெருங்கின. காரணம், மணிகள் நீரின் வழியே ஒன்றையொன்று பாதிக்கும் நீரியக்க இடைவினையை நான் சேர்க்கவில்லை. ஒரு மணி நகரும்போது நீரையும் இழுக்கிறது, அந்த நீர் மற்ற மணிகளை நகர்த்துகிறது. நீண்ட சங்கிலி சுருங்க முயன்று இரு முனைகளிலிருந்தும் நீரை உள்ளிழுக்க, அந்த நீர் பக்கவாட்டில் வெளியேறுகிறது. சுவர்ப்பக்கம் போக்கிடம் இல்லாததால் அதன் எதிர்வினை சங்கிலியையே நடுப்பக்கம் தள்ளுகிறது.

இதைச் சேர்த்ததும் நிரல் ஆமையாகிவிட்டது. மணிகள் ஒன்றுக்கொன்று பிணைந்துவிடுவதால் தற்செயல் உதைப்புகளைக் கணக்கிட, அந்தப் பிணைப்புகளைக் குறிக்கும் எண்களின் அட்டவணையான அணியொன்றைக் காரணிகளாகப் பிரிக்க வேண்டும். நேரடி முறையில் அதன் செலவு மணிகளின் எண்ணிக்கையின் மும்மடியாக ஏறும்; மணிகள் இரட்டித்தால் செலவு எட்டு மடங்காகும். 1986இல் ஃபிக்ஸ்மன் தந்த செபிஷெவ் பல்லுறுப்புக்கோவை முறைக்கு, அதாவது அந்தப் பிரிப்பைத் தவிர்த்துத் தோராய விடை தரும் வழிக்கு, மாறிய பின்னரே ஓரளவு மூச்சு விட முடிந்தது.

கால்வாயின் குறுக்கே சங்கிலிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் புதிய பரவல் வரைபடத்தில் சுவரோரம் காலியாக இருந்தது. ஆனால் கால்வாயின் நட்டநடுவிலும் ஒரு சிறு பள்ளம் தெரிந்தது. பிழையென்று எண்ணி இரண்டு நாள் நிரலைக் குடைந்தேன். அது பிழையே அல்ல: நீண்ட சங்கிலியும் சுருண்ட சங்கிலியும் ஒரே வேகத்தில் விரவுவதில்லை; நடுவில் சுருண்டிருக்கும் சங்கிலி விரைவாக விரவி அங்கிருந்து விலகுகிறது. அந்த வேறுபாட்டினால் பள்ளம் அங்கே இருக்கத்தான் வேண்டும்.