உள்ளேயே பிறந்தவர்கள்

கல்ட் என்று சொல்லப்படும், ஒரு தலைவரின் பிடியில் இயங்கும் மூடிய குழுக்களை விட்டு வெளியே வந்தவர்களுக்கு மனநல ஆலோசனை தருவது என் வேலை. வருகிறவர்களில் சிலர் வளர்ந்தபின் போய்ச் சேர்ந்து, பிறகு விலகியவர்கள். மற்றவர்கள் அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்தவர்கள். இரு தரப்புக்கும் ஒரே வழிமுறை போதும் என்று நினைப்பவர்கள் எங்கள் துறையிலேயே உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வளர்ந்தபின் சேர்ந்தவருக்குத் திரும்பிப் போக ஏதாவது இருக்கிறது: பாதியில் விட்ட படிப்பு, பழைய சிநேகிதன், தனக்கு ஒரு காலத்தில் என்ன பிடித்திருந்தது என்ற நினைவு. உள்ளேயே பிறந்தவருக்கு அது கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில், கடுமையான மனவற்புறுத்தலுக்கு நீண்டகாலம் ஆளானவரின் அடையாளம் மாறிப்போவதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. கல்ட் குழுக்களும் அதில் வருகின்றன. மாறிப்போகிறது என்றால் முன்பு வேறொன்று இருந்திருக்க வேண்டுமே. பேசத் தொடங்கும்போதே தலைவரின் பெயரைச் சொல்லிப் பழகிய குழந்தைக்கு முன்பு என்ன இருந்தது?

முதல் சில சந்திப்புகளில் மனதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. காகிதங்களைப் பற்றித்தான் பேசுவோம். பிறப்புச் சான்றிதழ் இருக்காது, சிலருக்குப் பிறப்பே பதிவாகியிருக்காது. பள்ளிச் சான்று, தடுப்பூசி விவரம், வங்கிக் கணக்கு எதுவும் இருக்காது. சின்ன வயதிலிருந்து குழுவின் சமையற்கட்டிலோ அச்சகத்திலோ உழைத்திருப்பார். சம்பளம் தராத இடம் அனுபவச் சான்று மட்டும் எங்கிருந்து தரும்? வேலை விண்ணப்பத்தில் அந்த ஆண்டுகளை எப்படிக் காட்டுவது என்று இருவரும் உட்கார்ந்து யோசிப்போம். வருடக்கணக்கில் பல்வலியைப் பொறுத்துக்கொண்டவருக்கு முதலில் பல் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்க வேண்டும். இதெல்லாம் ஆலோசகரின் வேலையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆமாம், இதுதான் வேலை.

இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பெண் தூக்கம் வரவில்லை என்றார். சாயங்காலத்தில் கொஞ்சம் நடந்து பார்க்கலாம் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அடுத்த முறை வந்ததும் நோட்டுப்புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். தேதி, கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், எல்லாம் அளவுகோல் வைத்துப் போட்ட கட்டங்களுக்குள். காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாளில் மட்டும் கட்டம் காலி. அதன் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி. "இதுக்கு நான் என்ன செய்யணும், மேடம்?" என்று கேட்டார். தண்டனையைத்தான் கேட்கிறார் என்று புரிய ஒரு கணம் ஆனது. அவர் வளர்ந்த இடத்தில் அன்றன்றைய குறைகளை எழுதி மூத்தவரிடம் கொடுத்துவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும்.

இந்த வேலையில் நான் கவனமாக இருக்க நினைப்பது இந்த இடத்தில்தான். தலைவரை விட்டு வந்தவருக்கு இன்னொரு தலைவர் தேவைப்படுகிறார், கண்ணெதிரே நான் உட்கார்ந்திருக்கிறேன். "நீங்க சொல்லுங்க, அப்படியே செய்யறேன்" என்று நன்றியோடு சொல்வார்கள். அதை ஏற்றுக்கொண்டால் முன்னேற்றம் வேகமாகத் தெரியும். வேலை கிடைக்கும், வீடு கிடைக்கும், ஆனால் அவருடைய வாழ்க்கையை நடத்துவது நானாக இருப்பேன். அதனால் முடிவுகளை ஒவ்வொன்றாக அவரிடமே தள்ளிவிடுகிறேன். எந்த நாற்காலி, அடுத்த சந்திப்பு எப்போது, இன்று எதைப் பேசலாம், எதைப் பேச வேண்டாம். சிலருக்கு நாற்காலியைத் தேர்ந்தெடுக்கவே நீண்ட நேரம் ஆகும். காத்திருக்கத்தான் வேண்டும். "இல்லை, அது எனக்குச் சரிப்படாது" என்று ஒருவர் முதன்முறையாக என்னிடம் மறுத்துப் பேசும் நாளில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும்.

பயம் வேறு வகை. அது உடம்பில் இருக்கிறது. 1993-ல் அமெரிக்காவின் வேக்கோ நகருக்கு அருகே ஒரு குழுவின் வளாகம் 51 நாள் முற்றுகையிடப்பட்டது. அதிலிருந்து விடுவிக்கப்பட்ட 21 குழந்தைகளைக் கவனித்த மருத்துவர் புரூஸ் பெர்ரியின் குழு, அவர்கள் சும்மா இருக்கும்போதுகூட நாடித்துடிப்பு இயல்பைவிட வெகுவாகக் கூடியிருப்பதைக் கண்டது. பெரியவர்களானபின் வருகிறவர்களிடமும் இதைப் பார்க்கிறேன். உலகம் அழியும் என்று குழு சொன்னதை இப்போது நம்பவில்லை என்பார், ஆனால் இடி இடித்தால் கை நடுங்கும். நம்பிக்கை போனதும் பயமும் போய்விடும் என்று அவரே எதிர்பார்த்திருப்பதால், நடுங்கும் கையைப் பார்த்து 'ஒருவேளை அவர்கள் சொன்னது உண்மையோ' என்று தடுமாறுவார். இது பழகிய உடம்பின் வேலை, அது அடங்க நாளாகும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜப்பானில் 2022 டிசம்பரில் சுகாதார அமைச்சகம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நரகத்துக்குப் போவாய் என்று மிரட்டிப் பிள்ளைகளை மத நடவடிக்கைகளில் ஈடுபடுத்துவதும் குழந்தை வதைதான் என்கிறது அது. அந்த ஆண்டு ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக் கொல்லப்பட்டபின், சுட்டவரின் தாய் ஒரு மதக் குழுவுக்குப் பெருந்தொகையைக் கொடுத்துக் குடும்பம் நொடித்துப்போனது வெளியே வந்தது. அதன் பிறகு இப்படி வளர்ந்த பலர் அங்கே வெளிப்படையாகப் பேசினார்கள். உங்களுக்கு நடந்தது வதை என்று ஓர் அரசாங்கம் எழுதிவைத்திருக்கிறது என்று சொன்னால், இங்கு வருகிறவர்களின் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

குழுவை நான் ஒருபோதும் திட்டுவதில்லை. வருகிறவரின் அம்மாவும் தம்பி தங்கைகளும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். விலகியவரோடு பேசக்கூடாது என்பது விதி என்றால், உயிரோடு இருக்கும் தாய்க்காகத் துக்கம் காக்க வேண்டிய நிலை. அப்புறம், அங்கே நல்லதும் இருந்தது. எல்லோரும் சேர்ந்து பாடியது, யாரும் தனியாகத் தூங்காதது. அதற்காக ஏங்குவதாகச் சொன்னால் 'அப்படியானால் திரும்பிப் போயேன்' என்று கேட்டுவிடுவார்களோ என்று வெளியே யாரிடமும் வாய் திறக்க மாட்டார்கள். என் அறையில் அதைச் சொல்லலாம்.

மாதம் ஒருமுறை, விலகியவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசுகிறார்கள். கூட்டத்தை நடத்துபவர் ஒவ்வொரு முறையும் மாறுவார். காரணம் சொல்லாமல் பாதியில் எழுந்து போகலாம். வராதவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்கக்கூடாது என்றும் ஒரு விதி வைத்திருந்தார்கள், கண்காணிப்பிலேயே வளர்ந்தவர்கள் அல்லவா. ஆனால் தான் வராததை யாருமே கவனிக்கவில்லை என்று ஒருவர் வருந்தியதும் கூடிப் பேசி மாற்றிக்கொண்டார்கள். இப்போது புதிதாகச் சேர்கிறவரிடம், வராவிட்டால் விசாரிக்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறார்கள். சிலர் வேண்டாம் என்கிறார்கள், சிலர் கட்டாயம் கேளுங்கள் என்கிறார்கள். பதிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.